பனிப்படத்தில் ஓர் உள்ளங்கை இடம்

நேரில் பார்க்காத ஓர் ஓவியத்தைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதி, அதற்காக மேடையில் ஒரு சால்வையும் போர்த்திக்கொண்டவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்வதற்கு நானே சொல்வது மேல்.

ஓவியத்தைப் பார்த்த இடம் மயிலாப்பூரில் என் பல் டாக்டரின் காத்திருப்பு அறை. யாரோ நோயாளி சுவிட்சர்லாந்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த காலண்டர். ஆகஸ்ட் மாதத்திலும் அதில் ஜனவரிதான் தொங்கியது. ஒரு விவசாயக் கிராமத்தின் பனிக்காலம். வரைந்தவர் எந்தப் பள்ளியிலும் படிக்காதவர் என்று பார்த்தாலே தெரியும். தூரத்து வீடும் பக்கத்து வீடும் ஒரே அளவு. வசதியான வீட்டு மாடு, வசதியற்றவர் வீட்டைவிடப் பெரிது. சிவப்பு மேலங்கியும் மஞ்சள் கால்சட்டையுமாக ஒரு கூட்டம் பன்றி அறுக்கிறது, பனி வாருகிறது, விறகு இழுக்கிறது, பால் சுமக்கிறது. வலது கீழ்மூலையில் மட்டும் ஒரு கறுப்பு உருவம். கறுப்புக் கோட்டு, குனிந்த தலை, கையில் ஏதோ பாத்திரம். ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது.

பல்லைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, வலி தீரும் முன்பே எழுதிவிட்டேன். அந்த உருவம் மரணம். அதன் கையில் இருப்பது ஆன்மாக்களை அள்ளிச் செல்லும் கலயம். கூட்டுவாழ்வின் விளிம்பில் இருத்தலின் நிரந்தர விருந்தாளி. இப்படியே பதினாறு பக்கம். கண்ணாடியில் என் முகத்தையாவது ஒருமுறை பார்த்திருக்கலாம். வெள்ளைப் பனியில் ஒரு கறுப்பு ஆள் நடந்தால் அவன் வேலைக்குப் போகிறவனாக இருக்கலாம் என்று இன்னொரு கறுப்பு ஆளுக்குத் தோன்றவில்லை. மரணம்தான் தோன்றியது. நிறையப் படித்ததன் பயன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'ஐயா, நீங்கள் மரணம் எண்டு எழுதியிருக்கிற ஆள் நான்தான். நல்ல சுகமாக இருக்கிறேன். கையில் இருக்கிறது கலயம் இல்லை, பன்றிக்குக் கொண்டுபோகிற கழிவு வாளி. இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் வீட்டுக்கு வாருங்கோ. இப்படிக்கு சிவநேசன்.'

சூரிச்சில் ஒரு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பேச அழைத்திருந்தார்கள். பேசினேன். குழந்தைகள் பண்போடு தூங்கின. லாங்ஸ்ட்ராஸே என்ற தெருவில் இருந்த தமிழ்க் கடையில் முருங்கைக்காயும் ஒரு பொதி அரிசிமாவும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை என் மரணத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

சிவப்பு நிறத்தில் குட்டி மலை ரயில். சிவநேசன் அண்ணையின் ஊர் வந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் நின்றேன். ஊர் போயே விட்டது. அந்த நிலையத்தில் ரயில் தானாக நிற்காதாம். இறங்குகிறவர் பொத்தானை அழுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். நம் ஊரில் பஸ் நிற்காமல் போனால் டிரைவரையும் அவர் வம்சத்தையும் திட்டலாம், மனசு லேசாகிவிடும். இங்கே திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, ஒரு மணி நேரம் பனியில் நின்று, திரும்பி வந்தேன். வரும்போது பொத்தானை நாலு முறை அழுத்தினேன். ரயில் ஒரு முறைதான் நின்றது.

நடைமேடையில் நின்றிருந்தவர் ஐம்பத்தெட்டு வயதுக்காரர், குட்டை, உருண்டை, மீசையில் பனி. "நீங்கள் அங்கால போறதைப் பாத்தனான். கை காட்டினனான். நீங்களும் காட்டினனீங்கள்" என்றார்.

மரணத்துக்கு இத்தனை நல்ல சிரிப்பு இருக்கும் என்று நான் எழுதவில்லை.

அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இந்த ஊர் விடுதியில் கோப்பை கழுவச் சேர்ந்தவர். இன்று அதே விடுதிக்கு அவர்தான் தலைமைச் சமையல்காரர். அன்று மத்தியானம் எனக்கு அவர் போட்டது மக்கரோனியும் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துக் கிளறி, மேலே வறுத்த வெங்காயம் தூவி, பக்கத்தில் ஆப்பிள் கூழும் வைத்த ஒரு பண்டம். உப்புமாவை ஜாமோடு சாப்பிடச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால் மூன்றாவது வாயில் அடிநாக்கில் ஒரு சுரீர். "ஒரேயொரு செத்தல் மிளகாய்" என்றார் குரலைத் தாழ்த்தி. "இருவது வருசமாப் போடுறன். ஊர்ச்சனம் சீஸ் நல்ல சீஸ் எண்டு நினைச்சுக்கொண்டிருக்குது."

மூலை மேசையில் நாலு கிழவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன்.

"உங்களைப் பற்றித்தான். சப்பாத்தைப் பாத்திட்டு, இவர் எப்ப விழுவார் எண்டு பந்தயம் கட்டியிருக்கினம்."

சாயங்காலம் வீட்டில் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும். அண்ணையின் மனைவி மனோகரி அக்கா, பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் வேலை. என் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தார். "முழுக்க வாசிச்சனான் தம்பி. இவரைப் பற்றி ஒருத்தரும் இவ்வளவு எழுதினதில்லை. கலியாணம் பேசேக்க தரகர் எழுதினதே அரைப் பக்கம்தான்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஓவியம் ஊர்ச்சபைக் கூடத்தில் தொங்குகிறது. வரைந்தவர் வ்ரேனி என்ற விவசாயப் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், பதினோரு மாடுகளின் சொந்தக்காரி. வெள்ளாமை இல்லாத பனிக்காலத்தில் மட்டும் வரைவார். படத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருடம் ஒருமுறை அழைத்துப் போய் அதன்முன் நிறுத்துவார்கள். இது என் தாத்தா, அது உன் சித்தி என்று பிள்ளைகள் விரலால் தொட்டுக் காட்டும்.

"என்ர மகள் அப்ப நாலாம் வகுப்பு" என்றார் அண்ணை. "போய் நிண்டிருக்கிறாள். பிள்ளையள் எல்லாம், உதுதான் உன்ர அப்பா, வாளிக்காரர் எண்டு காட்டியிருக்குதுகள். வீட்டை வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாள். நானும் சிரிச்சனான்."

மனோகரி அக்கா புட்டை எனக்கு இன்னொரு அகப்பை வைத்தார். கேட்காமலே.

"கோப்பை கழுவினதுக்கு வெட்கமில்லைத் தம்பி. ரெண்டு குளிருக்கு வாளி கொண்டுபோனனான், அவ்வளவுதான். இப்ப அப்பிடிப் பன்றிக்குக் குடுக்கவும் ஏலாது, சட்டம். இந்த ஊராக்கள் எனக்குப் பாஸ்போட்டும் தந்தவை. மலையின்ர பேர், சீஸின்ர பேர், குப்பை வைக்கிற நாள் எல்லாம் கேட்டுத்தான் தந்தவை. படத்தில மட்டும் இன்னும் வாளியோட ஊரை விட்டு வெளிய போய்க்கொண்டிருக்கிறன். இப்ப கூடத்தைப் பெருப்பிச்சுக் கட்டியிருக்கினம். பழைய படம் அந்தப் பெரிய சுவருக்குக் காணாது. வ்ரேனி புதுசு கீறுறா. வெள்ளிக்கிழமை முடிக்கிறா. மகளுக்கும் இப்ப ஒரு பிள்ளை இருக்கு, நாளைக்கு அதுவும் அந்தக் கூடத்துக்குத்தான் போகும்."

அன்று திங்கள்.

செவ்வாய்க்கிழமை வ்ரேனி வீட்டுக்குப் போனோம். மாட்டுக் கொட்டகையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழ். சமையலறை மேசைமேல் கதவளவு பலகை. அதில் பாதி ஊர். பக்கத்தில் பாதி தின்ற ரொட்டி. வ்ரேனி எழுந்து கை கொடுத்தார். என் விரல்கள் திரும்பி வருமா என்று ஒரு கணம் பயமாக இருந்தது.

என்னை யாரென்று அண்ணை அறிமுகப்படுத்தினார். மரணம், கலயம் எல்லாவற்றையும் ஜெர்மனில் சொல்லியிருக்க வேண்டும். வ்ரேனியின் முகம் மாறவில்லை. ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாங்க?"

"பதினாறு பக்கமோ எண்டு கேக்கிறா. தான் அந்த ஆளைக் கீறினது தேத்தண்ணி ஆறுறதுக்குள்ளயாம்."

மேலும் ஏதோ கேட்டார்.

"ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாமே எண்டுறா."

இத்தனை வருட விமர்சன வாழ்வில் எனக்குத் தோன்றாத ஆய்வுமுறை அது.

புதிய படத்தில் மாடுகள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. ஒவ்வொன்றின் புள்ளியும் உள்ளது உள்ளபடி. ஒருமுறை இடப்பக்கப் புள்ளியை வலப்பக்கம் போட்டுவிட்டாராம். மாட்டுக்காரர் இரண்டு வருடம் வணக்கம் சொல்லவில்லையாம். மாட்டைத் தப்பாக வரைந்தால் ஊர்ப்பகை. மனிதனை வாளியோடு விட்டுவிட்டால் பாரம்பரியக் கலை. இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். கை கொடுத்த வலி இன்னும் இருந்தது. சொல்லவில்லை.

அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன் விஷயத்தைச் சொன்னார். முப்பது வருடம் பேசிப் பழகிய மொழியில் அவருக்குத் திக்கியது. வ்ரேனி இரண்டு நிமிடம் இடைவிடாமல் பதில் சொன்னார், நடுநடுவே ஜன்னலைக் காட்டி.

"என்னவாம்?"

"ஏலாதாம்."

"இரண்டு நிமிஷம் பேசினாங்களே!"

அண்ணை பெருமூச்சு விட்டுவிட்டு விரித்துச் சொன்னார். வ்ரேனி இந்த ஜன்னல் வழியாகப் பனிக்காலத்தில் தன் கண்ணால் பார்த்ததைத்தான் வரைவார். கேள்விப்பட்டதை வரையமாட்டார். நீ பெரிய சமையல்காரன், தெரியும், உன் மக்கரோனி எனக்குப் பிடிக்கும். ஆனால் நீ இருட்டோடு காரில் போகிறாய், இருட்டோடு காரில் வருகிறாய். நான் கார் வரைவதில்லை. பனியில் நான் உன்னைப் பார்த்தது அந்த வாளியோடு மட்டும்தான். புதிய படத்தில் வாளி இருக்காது, பயப்படாதே.

"அப்ப என்னையும் கீறமாட்டா" என்றார் அண்ணை. "வாளியோட போகேக்கயாவது படத்துக்குள்ள இருந்தனான்."

வ்ரேனி அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பலகையின் கீழ்ப்பகுதியில், தெருவோரத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஓர் உள்ளங்கை அளவு வெற்றிடத்தைத் தூரிகையின் காம்பால் தட்டிக் காட்டினார். மூன்றே வார்த்தை சொன்னார்.

"வெளிய வரச் சொல்லுறா" என்றார் அண்ணை.

அன்று இரவுச் சாப்பாடு ஒரு செயற்குழுக் கூட்டம்போல் நடந்தது. பொருள்: சிவநேசன் பனியில் என்ன செய்வது. பனிச்சறுக்கு? "முப்பது வருசமா ஏறாதவர் இப்ப ஏறினால் நான் வேலை செய்யிற இடத்திலதான் கொண்டுவந்து விடுவினம்" என்றார் அக்கா. பனி வாருவது? ஏற்கெனவே நாலு பேர் வாருகிறார்கள். வேட்டி கட்டிக்கொண்டு நின்றால் தனித்துத் தெரியுமே என்று நான் சொன்னேன். இருவரும் என்னை, விருந்தாளி என்பதால் மட்டும் மன்னித்தார்கள். கடைசியில் விறகு வண்டி என்று முடிவானது. மாட்டுக்கொம்புபோல் முன்னால் வளைந்து நிற்கும் இரண்டு சறுக்குக் கட்டைகள் வைத்த மரவண்டி. ஒருவர் முன்னால் கொம்புகளைப் பிடித்து இறக்க வேண்டும், ஒருவர் பின்னால் கயிற்றைப் பிடித்து வேகத்தை அடக்க வேண்டும். விடுதிச் சொந்தக்காரரிடம் வண்டியும் இருந்தது, விறகும் இருந்தது. பின்னால் பிடிக்கத்தான் ஆள் இல்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன போடுறது?" என்றார் அண்ணை.

"இருக்கிற குளிர் ஜக்கெட்டைப் போடுங்கோவன்" என்றார் அக்கா.

புதன்கிழமை காலை அண்ணை, குடியுரிமை நேர்காணலுக்காகத் தைத்த சூட்டும் நீல நிற டையுமாக வந்து நின்றார். காலில் பனிச் சப்பாத்து.

"இஞ்சாருங்கோ, விறகு இழுக்கப் போறியளோ, விறகைக் கலியாணம் கட்டப் போறியளோ?" என்றார் அக்கா. ஆனால் டையின் முடிச்சைச் சரிசெய்து விட்டதும் அவர்தான்.

பழைய நாட்காட்டிப்படி அந்த ஊருக்குப் புத்தாண்டு முந்தைய நாள்தான் பிறந்திருந்தது. ஜனவரி முதல் தேதி ஒன்று, பதின்மூன்றாம் தேதி ஒன்று என்று இரண்டு புத்தாண்டு அவர்களுக்கு. வேறு நாட்டவர் என்றால் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். ஆட்சிக்கு ஆட்சி புத்தாண்டை நகர்த்திய மாநிலத்துக்காரனுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தெருவில் நேற்றைய கொண்டாட்டத்தின் வைக்கோல் சிதறிக் கிடந்தது. வ்ரேனியின் ஜன்னலில் விளக்கு எரிந்தது.

மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினோம். முதல் இருபது அடி கம்பீரமாகப் போனது. அண்ணை ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, கல்யாண போட்டோவில் தாலி கட்டுகிறவரைப்போல் மெதுவாக நடந்தார். "கயிறு, தம்பி, கயிறு" என்று உதட்டசைக்காமல் சொன்னார். கயிற்றைப் பற்றி நான் செய்த பிழை இரண்டு. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை. விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. வண்டி அண்ணையை முந்தியது. அண்ணை பக்கவாட்டில் பாய்ந்து தப்பினார். நான் குப்புறக் கிடந்தபடி வண்டிக்குப் பின்னால் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியில் மோதி வண்டி நின்றது. விறகு முழுக்கத் தெருவில். என் வாய் முழுக்கச் சுவிட்சர்லாந்து.

எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மூலை மேசைக் கிழவர்களில் ஒருவர். என்னைப் பார்த்துத் தலையசைத்தார், பந்தயத்தில் ஜெயித்திருக்க வேண்டும். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து அண்ணையிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணையின் முகம் வெளுத்தது. "போஸ்ட் பஸ் வரப்போகுது. பதினொரு நிமிசம் இருக்காம்."

மஞ்சள் பஸ். அது அந்தத் தெரு வழியாகத்தான் போகும். நம் ஊராக இருந்தால் பதினொரு நிமிடத்தில் பஸ் வராது, வந்தாலும் இறங்கி நாலு பேர் விறகைத் தள்ளுவார்கள், ஒருவர் வீட்டுக்கும் எடுத்துப் போவார். இங்கே பஸ் வரும். பதினொரு நிமிடத்தில் வரும். அது ஒரு தமிழனின் விறகால் தாமதமானது என்று ஊர் பேரன் காலம்வரை சொல்லும். அண்ணை ஜன்னலை மறந்தார். கோட்டைக் கழற்றி எறிந்தார். டை தோளுக்குப் பின்னால் பறக்க, குனிந்து, இரண்டிரண்டாக அள்ளித் தொட்டிச் சுவரோரம் அடுக்கினார். நான் எழ முயன்றேன். "நீங்கள் கிடவுங்கோ! எழும்பினால் இன்னும் கரைச்சல்!" என்று கத்தினார். கிடந்தேன். கடைசிக் கட்டையை வைத்து நிமிர்ந்தபோது பஸ் வளைவில் திரும்பியது. டிரைவர் கை தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணை ஜன்னலைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது.

வியாழக்கிழமை அண்ணை மக்கரோனியில் மிளகாய் போடவில்லை. மூலை மேசையில் யாரோ சீஸ் மாறிவிட்டதா என்று கேட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை வ்ரேனி கூப்பிட்டனுப்பினார். மனோகரி அக்காவும் வேலையிலிருந்து நேராக வந்துவிட்டார். பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் முதலில் மாடுகளைப் பார்த்தேன், பழக்கதோஷம். அக்காதான் முதலில் விரலை நீட்டினார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையில் ஒரு குட்டை உருண்டை மனிதன் குனிந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். நீல டை தோளுக்கு மேல் பறக்கிறது. மீசை இருக்கிறது. முகம் ஊரைப் பார்த்து இருக்கிறது. அவனுக்குச் சற்றுப் பின்னால் பஸ் கிடையாது, வ்ரேனி பஸ்ஸும் வரைவதில்லை போலும். ஆனால் ஊரிலேயே அவசரத்தில் இருக்கும் ஒரே ஆள் அவன்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

வண்டியோடு கம்பீரமாக இறங்கிய இருபது அடி எங்கே என்று அண்ணை கேட்டிருக்க வேண்டும். வ்ரேனி தோளைக் குலுக்கினார்.

"அது நாடகமாம். தான் நாடகம் கீறுறேல்லையாம்" என்று அண்ணை மொழிபெயர்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமையலறையில் ஆவி அதிகம் என்றார். அடுப்பு அணைந்திருந்தது.

சூழ்நிலையின் கனத்தைக் குறைக்கலாம் என்று, நான் விழுந்து கிடந்த இடத்தைத் தேடினேன். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. என்னையும் பார்த்தார்தானே, ஏன் வரையவில்லை என்று கேட்கச் சொன்னேன்.

"நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போயிடுவியளாம். நாய் இருக்குமாம்."

ஊர் திரும்பி ஆறு வாரம் கழித்து மனோகரி அக்கா போன் செய்தார். கூடத்தைத் திறந்துவிட்டார்களாம். ஊர் முழுக்க வந்து அவரவர் உருவத்துக்கு முன்னால் நின்றார்களாம். பேத்தி அண்ணையின் தோளில் உட்கார்ந்து "அப்பப்பா இல்லை, அம்மப்பா" என்று யாரையோ திருத்தினாளாம். அண்ணைக்குத் தலை கால் புரியவில்லை. ஊர்ச்சபைத் தலைவர் கேட்க வேண்டும் என்பதற்காகவே உரத்த குரலில் வ்ரேனியிடம், "கண்டதைக் கண்டபடி அப்பிடியே கீறியிருக்கிறியள், என்ன?" என்றாராம்.

"அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமோ தம்பி?" அக்காவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "ஆளை மட்டும்தான் அப்பிடியே கீறினனான். விறகு நீ அடுக்கின மாதிரிக் கீறியிருந்தால் ஊர் சிரிக்கும். படத்தில அதை நான் பிரிச்சுத் திருப்பி அடுக்கிப்போட்டன் எண்டு."